கோத்தகிரியில் ஒரு டயல்-அப் லைனை 24,000இலிருந்து 42,667க்குக் கொண்டுவந்த வேலை

டயல்-அப் (போன் லைனில் டயல் செய்து போகும் இன்டர்நெட்) மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, கனெக்ட் ஆனதும் திரையில் என்ன எண் வருகிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் இருக்காது. "அதெல்லாம் பாக்கல, ஸ்லோவா இருக்கு, அவ்வளவுதான்" என்பார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் மோடத்தை (கம்ப்யூட்டரை போன் லைனோடு சேர்க்கும் கருவி) மாற்றுவது, விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவது, வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் சிடியை வாங்குவது எல்லாம் காசுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. 2003 மழைக்காலத்தில் கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் ரோட்டில் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியின் அலுவலகத்தில் நான் பார்த்த வேலையை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். டயல்-அப்பை மெதுவாக்கும் காரணங்களில் பாதி அந்த ஒரே லைனில் கூடியிருந்தன. செம்புக்கம்பியில் இன்னமும் இன்டர்நெட் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வழிமுறை இன்றும் உதவும்.

சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கித் தூள் ஆக்கும் ஃபேக்டரி அது. இலை விலை விழுந்து கிடந்த வருடங்கள், அதனால் போன் பில்லில் ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் அங்கே கணக்கில் வரும். குன்னூரில் வியாழனும் வெள்ளியும் ஏலம். புரோக்கர் ஆபீசிலிருந்து கேட்டலாக்கும் விலைப் பட்டியலும் மெயிலில் வந்துவிட்டால் குன்னூருக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, அதற்காகத்தான் இன்டர்நெட்டே வாங்கியிருந்தார்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது இதுதான்: "பகல்ல ஏதோ இழுத்துக்கிட்டுப் போகுது தம்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உக்காந்தா பாதி மெயில் வரும்போதே கட்டாயிடுது. மழை பேஞ்சா கேக்கவே வேண்டாம்."

சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டில் ஏறுகிறார்கள், கூட்டம், அதனால் மெதுவாகிறது என்று ஃபேக்டரியில் எல்லோருமே முடிவு செய்திருந்தார்கள். இங்கேதான் அந்த எண் வேலை செய்கிறது. கனெக்ட் ஆகும்போது கீச்சென்றும் கரகரவென்றும் சத்தம் வருகிறதே, அந்த நேரத்தில் நம் மோடமும் எதிர்முனையில் இணைய நிறுவனத்தின் மோடமும் லைனை அளந்து பார்த்து, நொடிக்கு இத்தனை பிட் என்ற வேகத்தில் பேசலாம் என்று ஒரு முடிவுக்கு வருகின்றன. அந்த முடிவில் கம்பியின் தரத்துக்கு மட்டுமே பங்கு உண்டு, எதிர்முனைக்கு அப்பால் எத்தனை பேர் இணையத்தில் இருக்கிறார்கள் என்பது மோடத்துக்குத் தெரியவே தெரியாது. கூட்டம் இருந்தால் எண் நன்றாக இருக்கும், ஆனால் ஃபைல் நத்தையாக வரும், அல்லது லைனே கிடைக்காமல் எங்கேஜ்டு டோன் கேட்கும். எண்ணே சாயங்காலத்தில் இறங்குகிறது என்றால் வீட்டுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் ஏதோ ஒன்று சாயங்காலத்தில் மாறுகிறது. அதைத் தேடிப் பிடித்துவிடலாம்.

ஆனால் அந்த எண் உண்மையான எண்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர் எப்போதும் 1,15,200 என்று காட்டிக்கொண்டிருந்தது. அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட் வேகம், வெளியே போகும் லைனின் வேகம் இல்லை. மோடத்தின் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் கட்டத்தில் டபிள்யூ2 என்று சேர்த்ததும் லைன் வேகத்தைக் காட்ட ஆரம்பித்தது (எல்லா சிப்புக்கும் இதே கட்டளை ஒத்துவராது, மோடத்தோடு வந்த கையேட்டைப் பார்க்கணும்). அப்புறம் கணக்குப்பிள்ளை ஐயாவிடம் ஒரு பழைய இலைக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி அதில் கோடு போட்டுக் கொடுத்தேன்: நேரம், மழையா வெயிலா, வந்த எண், கட் ஆனதா. ஒரு வாரத்துக்கு மேல் அவர் ஒரு கனெக்ஷனைக்கூட விடாமல் எழுதினார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த நோட்டுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நோட்டில் இருந்தது இப்படி. காய்ந்த பகலில் 28,800, சில சமயம் 26,400. மழை பெய்யும் பகலில் 26,400க்கு மேல் ஏறவில்லை. இருட்டிய பிறகு 24,000, 21,600, அதுவும் கொஞ்ச நேரத்தில் கட். ஒரு நாள்கூட 33,600ஐத் தாண்டவில்லை.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் எல்லாமே 2,400இன் மடங்கு. அதாவது மோடம் பழைய வி.34 முறையில்தான் பேசுகிறது. 1998இல் வந்த வி.90 முறையில், அதாவது 56கே என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் முறையில் பேசினால் எண்கள் 28,000இலிருந்து 1,333 1,333ஆக ஏறும்: 29,333, 30,667, 32,000, இப்படியே 40,000, 41,333, 42,667 என்று போகும். ஆகவே 28,800 என்று வந்தால் வி.34, 29,333 என்று வந்தால் வி.90. வேக வித்தியாசம் பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் லைனைப் பற்றி இரண்டும் சொல்வது வேறு வேறு.

ஏன் என்றால், எக்ஸ்சேஞ்ச் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது, மொத்தம் 64,000 பிட். இப்படி அளக்கும்போது ஒவ்வொரு அளவும் பக்கத்திலிருக்கும் படிக்கு முழுமையாக்கப்படுகிறது, அந்தச் சிறு பிழையே ஒரு இரைச்சல். வி.34 அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டித்தான் 33,600 வரை போகிறது. வி.90 என்ன செய்கிறது என்றால், இணைய நிறுவனத்தின் முனை டிஜிட்டலாகவே எக்ஸ்சேஞ்சில் நுழைந்துவிடுகிறது, அதனால் நம் பக்கம் இறங்கி வரும் டேட்டாவில் அந்த அளவெடுப்பே கிடையாது. நம் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு முறை டிஜிட்டல் எண்கள் அனலாக்காக, அதாவது கம்பியில் போகும் வோல்டேஜாக மாறுகின்றன, நம் மோடம் அந்த வோல்டேஜ் படிகளை ஒன்றோடு ஒன்று குழப்பாமல் அடையாளம் கண்டால் போதும். அனுப்பும் திசையில் பழையபடி அளவெடுப்பு இருக்கிறது, அதனால் வி.90இல் அப்லோடு 33,600தான். ஆக வி.90 வராமல் போக இரண்டு பெரிய காரணங்கள்: வழியில் இன்னொரு முறை அனலாக்-டிஜிட்டல் மாற்றம் நடக்கிறது, இல்லையென்றால் படிகளைப் பிரித்தறிய முடியாத அளவுக்குக் கம்பியில் இரைச்சல். முதலாவது என்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது என்றால் செய்யலாம். எது என்று முதலில் தெரியணும்.

என்னிடம் ஒரு வெளி மோடம் இருந்தது. அதையும் அந்த அலுவலகக் கம்ப்யூட்டரின் கேபினட்டையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒரு நண்பர் கடைக்குப் போனேன், எக்ஸ்சேஞ்சுக்கு ரொம்பப் பக்கம். அதே எக்ஸ்சேஞ்ச், அதே டயல் செய்யும் எண், அதே அக்கவுண்ட். வெளி மோடத்தில் 45,333. கேபினட்டுக்குள் இருந்த மோடத்தில் 44,000. இந்த ஒரு சோதனையில் பாதி உலகம் கழிந்துவிட்டது: இணைய நிறுவனம், எக்ஸ்சேஞ்சிலிருந்து அங்கே போகும் பாதை, கம்ப்யூட்டர், மோடம், விண்டோஸ் 98 எதிலும் குற்றம் இல்லை. எக்ஸ்சேஞ்சின் வாசலிலிருந்து ஃபேக்டரி மேஜை வரைக்கும் உள்ள நாலு கிலோமீட்டர் சொச்சம் கம்பி மட்டும்தான் மிச்சம்.

மென்பொருள் பக்கத்தை அதனால் வேகமாக முடித்துவிட்டேன். ஃபைஃபோ (போர்ட்டில் வரும் டேட்டாவைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் வசதி) டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன், போர்ட் வேகம் 1,15,200லேயே இருக்கட்டும் என்று விட்டேன், டயல்-அப் அமைப்பில் இன்டர்நெட்டுக்குத் தேவைப்படாத நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் என்ற நெட்வொர்க் முறைகளின் டிக்கை எடுத்தேன். இதனால் லாகின் சீக்கிரம் முடியும், ஃபைல் வரும் வேகம் மாறாது. உள்ளே இருந்த மோடம் ப்ராசசரை நம்பி ஓடும் வகை, அதனால் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடும்போது டயல் செய்ய வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். வேகம் கூட்டும் சிடிகள் எம்டியூ (ஒரு தடவையில் அனுப்பும் துண்டின் அளவு) போன்ற சில எண்களை மாற்றுவதோடு சரி. கம்பியில் இருக்கும் ஈரத்தை எந்த சிடியாலும் துடைக்க முடியாது.

அடுத்தது கட்டிடத்துக்குள் இருக்கும் வயர். நம் கையில் இருப்பதிலேயே எளிதான பகுதி இதுதான், ஆனால் பலர் இதைத் தொடுவதே இல்லை. வெளியிலிருந்து வரும் கம்பி சுவரில் ஒரு ரோசெட்டில் (போன் வயர் இணைக்கும் சின்னப் பெட்டி) முடிந்தது, அங்கிருந்து முதலாளி அறைக்கு ஒன்று, இலை எடை போடும் கொட்டகைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று மூன்று இணைப்பு. கொட்டகைக்குப் போன வயர் முறுக்கில்லாத தட்டை வயர், அதை யாரோ இலை வாட்டும் தொட்டியின் ஃபேனுக்குப் போகும் த்ரீ-ஃபேஸ் கேபிளோடு சேர்த்துக் கட்டி இழுத்திருந்தார்கள். ஃபேன் ஓடும்போது ரிசீவரை எடுத்தால் 'ம்ம்ம்' என்று ஹம் கேட்கும். ரோசெட்டில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் நேராக அங்கே மாட்டிப் பார்த்தேன்: பகலில் 28,800 இருந்தது 31,200 ஆயிற்று. ஒரு படி, ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது. ரோசெட்டிலிருந்து அலுவலகத்துக்கு கேட்-5 நெட்வொர்க் கேபிளில் ஒரு முறுக்கு ஜோடியைப் புதிதாக இழுத்தேன், ஏனென்றால் முறுக்கு இருந்தால் இரண்டு கம்பியும் வெளித் தொந்தரவைச் சமமாக வாங்கும். முதலாளி அறை போன் திரும்ப வந்தது. கொட்டகை போனை எடுத்துவிட்டோம், அங்கே கூப்பிட ஒரு காலிங்பெல் வைத்தார்கள்.

இருந்தும் வி.90 வரவில்லை, சாயங்காலக் கதையும் மாறவில்லை.

லைனைக் காதால் கேட்பதற்கு ஒரு வழி உண்டு. போனில் ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும், அடுத்த எண்ணுக்காக எக்ஸ்சேஞ்ச் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் லைன் வெறுமையாக இருக்கும். நல்ல லைனில் எதுவும் கேட்காது. கரகரவென்று விட்டுவிட்டுக் கேட்டால் எங்கோ ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. ஹம் கேட்டால் ஒரு கம்பி எர்த்தைத் தொடுகிறது, அல்லது கரன்ட் லைன் பக்கத்தில் போகிறது. யாரோ பேசுவது மெல்லக் கேட்டால் கேபிளில் பக்கத்து ஜோடியோடு ஒட்டல். இங்கே பகலில் லேசான கரகரப்பு இருந்தது. இருட்டிய பிறகு எடுத்தால் அதோடு இன்னொன்று: டிக்... டிக்... டிக். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நொடிக்கு ஒன்று என்று சொல்லலாம், கொஞ்சம்கூடத் தாளம் தப்பவில்லை. மழைக்கும் காற்றுக்கும் ஏற்ப வரும் சத்தம் இப்படித் தாளத்தோடு வராது. இது ஏதோ ஒரு மெஷின்.

இந்த டிக் வேகத்தை எப்படித் தின்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மோடம் டேட்டாவைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்புகிறது, ஒரு டிக் விழுந்தால் அந்த நேரத்தில் போன துண்டு கெட்டுப்போகும், வி.42 என்ற பிழை திருத்தும் முறை அதைத் திரும்பக் கேட்கும். நொடிக்கு ஒரு டிக் என்றால் நொடிக்கு ஒரு துண்டு வீண். பிழை கூடக் கூட மோடம் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரும்ப அளக்கும், அந்தச் சில நொடிகள் ஒரு பைட்டும் நகராது, அப்புறம் இன்னும் குறைந்த வேகத்தில் ஆரம்பிக்கும். கனெக்ட் ஆகும்போதே டிக் விழுந்தால் வி.90ஐ எட்டிக்கூடப் பார்க்காது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன "பாதி மெயில்ல கட்" இதுதான்.

முதலில் கரகரப்பு. லைன்மேன் அண்ணனிடம் போய், "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல், நோட்டைக் காட்டி, மழை பெய்தால் லைனில் இரைச்சல், எங்கோ ஜாயின்ட் ஈரம் வாங்குகிறது என்று சந்தேகம், என்றேன். உங்கள் பக்கத்து லைன்மேனிடமும் இப்படியே பேசுங்கள், நெட் வேகம் அவர்கள் கையில் இருக்கும் மீட்டரில் தெரியாது, இரைச்சலும் ஓமும் (கம்பியின் மின்தடை) தெரியும். அவர் கேட்ட முதல் கேள்வியே அனுபவஸ்தர் கேள்வி: "வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டு மணி அடிச்ச பிறகு நெட் போட்டா நல்லா போகுதா தம்பி?" பார்த்தால், ஆமாம், ஒரு கால் வந்து முடிந்தவுடன் டயல் செய்த நேரங்களில் எண் ஒரு படி கூடியிருந்தது. மணி அடிக்கும்போது லைனில் எழுபது எண்பது வோல்ட் ஏசி வருகிறது, பச்சை பிடித்த ஜாயின்ட்டில் அந்தக் களிம்புப் படலத்தை அது கொஞ்ச நேரத்துக்குத் துளைத்துவிடும், அப்புறம் திரும்ப மூடிக்கொள்ளும். (அதே காரணத்துக்காக, லைன் மாட்டியிருக்கும்போது வெறும் கையால் கம்பியைப் பிடிக்காதீர்கள், அந்த நேரம் பார்த்து மணி அடித்தால் நல்ல ஷாக்.)

அளந்து பிரிப்பதுதான் மிச்சம். நான் ரோசெட்டில் இரண்டு கம்பியையும் சேர்த்து ஷார்ட் செய்து பிடிக்க, அவர் எக்ஸ்சேஞ்ச் எம்டிஎஃப்பில் (எல்லா லைன்களும் வந்து சேரும் சட்டம்) நம் லைனின் கம்பி ஜோடியைத் தனியாக்கி ஓம் அளக்கச் சொன்னார். 0.5 மில்லிமீட்டர் செம்புக்கம்பி போய்த் திரும்பக் கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம், நாலு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 750ஐ ஒட்டி இருக்கணும். வந்தது 1,150, அதுவும் முள் நிற்காமல் ஆடியது. அப்புறம் ரோட்டோரக் கம்பத்தில் ஏறி, கேபிளிலிருந்து லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியைத் திறந்து அங்கே ஷார்ட் செய்தார்: 760, முள் அசையவில்லை. நிலத்துக்கடியில் வரும் கேபிள் முழுக்க நல்ல நிலையில் இருக்கிறது. டிபியிலிருந்து ஃபேக்டரிக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலாகச் சில கம்பங்கள் தாண்டி வரும் டிராப் வயரில் மட்டும் கிட்டத்தட்ட 400 ஓம், அந்த நீளத்துக்கு முப்பது நாற்பதைத் தாண்ட ஒரு காரணமும் இல்லை. ரோசெட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட்டையும் பார்த்தேன்: இரண்டும் சமமாக இருக்க வேண்டியது, ஒன்றில் 3, மற்றதில் 11. கெட்டது ஒரு கம்பி மட்டும் என்று இதிலிருந்து தெரிந்தது.

இடம் தெரிந்த பிறகு கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, கம்பமே இல்லாத இடத்தில், அந்தரத்தில் ஒரு ஜாயின்ட். முன்பு எப்போதோ கிளை விழுந்து அறுந்ததை முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி, தண்ணீர் சொட்டியது. ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரி பக்கம் மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது, டேப்புக்குள் போன ஈரம் காயவே காயாது. அந்த ஜாயின்ட்டைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் எந்த ஜாயின்ட்டும் இந்த மலையில் இரண்டு மழைக்குத் தாங்காது, டிபியிலிருந்து ரோசெட் வரை ஒரே வயராக, நடுவில் ஒட்டே இல்லாமல் மாற்றித் தரும்படி கேட்டேன், முதலாளியும் பேசினார், புது வயர் வந்தது. சுவரில் நுழையும் இடத்துக்குக் கீழே வயரை ஒரு வளையம் விட்டு மேலேற்றினோம், மழைத்தண்ணீர் வயரோடு ஓடி ரோசெட்டுக்குள் இறங்காமல் அந்த வளையத்திலேயே சொட்டிவிடும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் மலைப்பக்கம் பாதி வீடுகளில் இதைச் செய்யாமலே விட்டிருப்பார்கள்.

அன்று மதியம் டயல் செய்தபோது 42,667 வந்தது. ஃபேக்டரியில் அந்த எண்ணை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

இருட்டியதும் 37,333, சில நேரம் 34,667. முன்பைவிட ரொம்ப மேல், வி.90ம் விட்டுப் போகவில்லை, ஆனால் இறங்கியது. காதில் வைத்துக் கேட்டால் டிக் மெலிந்திருந்தது, போகவில்லை. ஏன் மெலிந்தது என்பது முக்கியம். வெளியிலிருந்து வரும் எந்தத் துடிப்பும் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் விழும், மோடமோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கேட்கிறது, சமமாக விழுந்தது கழிந்துவிடும். ஒரு கம்பியில் மட்டும் 400 ஓம் கூடுதலாக இருந்தபோது அந்தச் சமன் கெட்டு, கழிய வேண்டியது சத்தமாகவே மோடத்துக்கு வந்திருக்கிறது. ஈர ஜாயின்ட் இல்லாமல் டிக் மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, டிக் இல்லாமல் ஜாயின்ட் மட்டும் இருந்திருந்தால் மழை நாளில் மட்டும் புகார் வந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் சாயங்காலம் "கூட்டம்" என்ற பெயர் வந்தது.

டிக் எங்கிருந்து என்று தேட ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் வராத இடத்தில் முள்ளை வைத்து, லைன் போகும் வழியே நடந்தேன், டிக் ரேடியோவிலும் கேட்டது, தோட்டத்தின் கீழ்ப்பக்கம் போகப் போகச் சத்தம் கூடியது. அங்கே கேரட்டும் பீட்ரூட்டும் போட்டிருந்த ஒரு அண்ணனின் காட்டைச் சுற்றி சோலார் வேலி. காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் அந்த வேலி இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு கிழங்குகூட மிஞ்சாது, அதனால் வேலியை அணைக்கச் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. பொழுது சாய்ந்ததும் போடுவார், காலையில் அணைப்பார். வேலி மெஷின் பல ஆயிரம் வோல்ட்டை நொடிக்கு ஒரு முறை ரொம்பக் குறுகிய துடிப்பாக விடும், அந்தத் துடிப்புதான் நம் டிக்.

அவரிடம் விஷயத்தைச் சொல்லி, "அண்ணா, ஒரே ஒரு தடவை நிறுத்திப் போட முடியுங்களா, லைன்ல மாறுதான்னு பாத்துக்கறேன்" என்றதும் உடனே வந்தார். கணக்குப்பிள்ளை ஐயா மேலே போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: அணைத்தால் நின்றது, போட்டால் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

வேலியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தோம். வேலியின் எர்த் கம்பி ஒரே ஒரு குட்டைக் கம்பி, போன் கம்பத்தின் இழுவைக் கம்பிக்கு மிக அருகில் அடித்திருந்தது. எர்த் போதாத வேலியில் துடிப்பு திரும்பிப் போக வழி கிடைக்காமல் மண்ணிலேயே பரவும், பக்கத்தில் இருக்கும் எதிலும் ஏறும். உண்ணிச்செடியும் புல்லும் பல இடத்தில் வேலிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தன, ஈரத்தில் அங்கங்கே பொறி விட்டது. இன்சுலேட்டருக்குப் பதிலாக மாட்டியிருந்த ஹோஸ் துண்டுகள் சில கிழிந்து கம்பி கம்பத்தைத் தொட்டது. பழைய டிராப் வயர் இரண்டு கம்ப தூரத்துக்கு வேலிக்கு நேர் மேலே, அதற்கு இணையாக வேறு போயிருந்தது. புது வயரை லைன்மேன் அண்ணன் ரோட்டின் மறுபக்கமாகக் கொண்டு வந்து, வேலியை ஒரே இடத்தில் குறுக்காகத் தாண்டும்படி செய்திருந்தார், இணையாக ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எர்த்தை மாற்றினோம். வேலியின் எர்த் மற்ற எந்த எர்த்திலிருந்தும், போனுடையதோ கரன்டுடையதோ, குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கணும் என்பது பொதுவான விதி. பாத்திரம் கழுவும் தண்ணீர் போய் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மூலையில், போன் கம்பத்திலிருந்து அதற்கு மேலேயே தள்ளி, மூன்று ஜிஐ கம்பிகளை இடைவெளி விட்டு ஆழமாக அடித்து ஒன்றாகச் சேர்த்தோம். பாறை தட்டாத இடம் கிடைப்பதுதான் இந்த மண்ணில் கஷ்டம். எர்த் சரியா என்று பார்க்க, தூரத்தில் வேலியைக் கடப்பாரையால் மண்ணோடு சேர்த்துவிட்டு, எர்த் கம்பியில் வேலி மீட்டரை வைத்தால் 300 வோல்ட்டுக்குக் கீழே காட்டணும், காட்டியது. (சாதாரண மல்டிமீட்டரை வேலியில் வைக்காதீர்கள், போய்விடும்.) செடியை அவரே வெட்டிவிட்டார், இன்சுலேட்டரும் மாற்றினார். இதில் அவருக்கும் லாபம், கசிந்து வீணான துடிப்பு இப்போது வேலிக் கம்பியிலேயே முழுசாக இருந்தது, பன்றிக்கு நல்ல அடி.

அதற்கப்புறம் இரவிலும் 41,333, 42,667. கட் ஆவது நின்றது. கணக்காகச் சொன்னால், முன்பு 24,000இல் நொடிக்கு 3 கிலோபைட்டை எட்டுவதே அரிது, திரும்பத் திரும்பக் கேட்டது போக அதுவும் தேறாது. இப்போது 5ஐ ஒட்டி. மெயிலில் இணைக்கும் ஃபைல் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், ஆக ஒரு மெகாபைட் கேட்டலாக் 1.35 மெகாபைட்டாக வரும். அது இப்போது நாலரை நிமிடம். புரோக்கர் ஆபீசில் ஃபைலை ஜிப் செய்து அனுப்பச் சொன்னோம், அதற்குப் பிறகு இன்னும் பாதி.

வயர் மாறும் வரை காத்திருந்த நாட்களில் செய்த ஒன்றையும் சொல்லணும், உடனே ஆளும் வயரும் கிடைக்காத இடங்களில் உதவும். வி.90ஐ மோடத்தில் நிறுத்திவிட்டு வி.34ஐ மட்டும் பேசச் சொல்லலாம், பல சிப்புகளில் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸில் பிளஸ் எம்எஸ் ஈக்வல் வி34 என்று சேர்த்தால் போதும். எட்டாத தூரத்தில் இருக்கும் வேகத்தைப் பிடிக்கப் போய் நிமிடத்துக்கு நிமிடம் நின்று திரும்ப அளக்கும் மோடத்தைவிட, 24,000இல் அசையாமல் நிற்கும் மோடம் மெயிலைச் சீக்கிரம் இறக்கிவிடும். கட் ஆகித் திரும்ப டயல் செய்யும் யூனிட்டும் மிச்சம். கம்பி சரியானதும் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

வேலிக்கார அண்ணன் வீட்டு போனிலும் டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, லைன் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் விட்டிருந்தார்கள். வேலி எர்த் மாறியதில் அதுவும் பாதி குறைந்தது, மீதிக்கு அவர் வீட்டு ரோசெட்டைத் திறந்தால் துருப்பிடித்த திருகுகள், உள்ளே எறும்புக்கூடு. புது ரோசெட் போட்டு, நுழையும் இடத்தில் அதே வளையம் விட்டேன். சித்திரை இடி ஆரம்பித்ததும் மோடத்தின் லைனை ரோசெட்டிலிருந்தே பிடுங்கி வைக்கும்படி இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறேன், கரன்ட் பிளக்கை மட்டும் எடுத்தால் மோடம் தப்பாது, போன் கம்பி வழியாக மின்னல் உள்ளே வந்துவிடும்.